மதகும் மாணவனும்

பேச்சிப்பாறையில் நாம் ஆசிரியப் பணியாற்றிய காலம். அணைநீருக்கு அக்கரையிலுள்ள மலைக் குடியிருப்புகளிலிருந்து படகேறி வரும் பிள்ளைகளும் நம் வகுப்பில் இருந்தனர். அவர்களுள் ஒருவன் ஒருநாள் தாமதமாக வந்தான். கணக்கு நோட்டைத் திறக்கவும் மறுத்தான். "எழுது, இல்லையேல் வெளியே போ!" என்று அதட்டினோம். எழுந்து போய்விட்டான். மூன்று நாள்கள் வரவில்லை.

இரு வழிகளைக் காட்டியதாகவே அன்று எண்ணினோம். ஒன்று கட்டளை, மற்றொன்று தண்டனை. அதில் அவன் தேர்ந்துகொள்ள என்ன இருந்தது?

நான்காம் நாள் வந்தான். அருகில் சென்று, "கணக்கை இங்கிருந்து செய்கிறாயா, சன்னலோரம் அமர்ந்து செய்கிறாயா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டோம். விடைக்குக் காத்து நில்லாமல் அடுத்த வரிசைக்கு நகர்ந்தோம். சற்று நேரத்தில் சன்னலோரம் அமர்ந்து எழுதலானான். கணக்கை நாம் விட்டுக்கொடுக்கவில்லை. இடத்தை மட்டுமே அவனிடம் விட்டோம்.

பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவில், தடை செய்கிறது. கைப்பிரம்பைச் சட்டம் வாங்கிவிடும். நாவிலுள்ள பிரம்பை நாமேயன்றோ கீழே வைக்க வேண்டும்?

1906இல் கட்டி முடிந்த பேச்சிப்பாறை அணை கோதையாற்றைத் தடுத்து நிற்கிறது. அந்த நீருக்கு மதகு வழி வயலுக்குப் பாதையும் தருகிறது. பெற்றோரே, வீட்டிலும் அதட்டும் முன் ஒரு மதகைத் திறந்து பாருங்கள்.

அவன் நான்காம் நாளும் வராதிருந்தால்? இன்றும் நம்மை உறுத்தும் கேள்வி அதுவே.