கண்ணனூரில் தங்கிவிட்ட ஹொய்சாளர்

சமயபுரம் மாரியம்மனைக் கும்பிட வருகிறவர்களில் பலர் அதே ஊரிலுள்ள போஜீஸ்வரர் கோயிலைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். ஹொய்சாள மன்னன் வீரசோமேசுவரன் 13ஆம் நூற்றாண்டில் எழுப்பிய போசளீச்சரம் அது. அன்றைக்கு ஊரின் பெயர் கண்ணனூர். அவனுக்கு அதுவே தலைநகர்.

கன்னட நாட்டுத் துவாரசமுத்திரத்தை, அதாவது இன்றைய ஹளேபீட்டை ஆண்டவர்கள் காவிரிக்கரைக்கு முதலில் உதவிக்குத்தான் வந்தார்கள். மூன்றாம் ராஜராஜ சோழனைக் காடவர்கோன் கோப்பெருஞ்சிங்கன் சேந்தமங்கலத்தில் சிறைவைத்தபோது, இரண்டாம் நரசிம்மன் படையனுப்பி மீட்டான். திருவந்திபுரம் கல்வெட்டு அந்தப் படையெடுப்பை ஊர் ஊராக விவரிக்கிறது. அவன் மகன் சோமேசுவரன் இங்கேயே தங்கிவிட்டான். பாண்டியர் கல்வெட்டுகள் அவனை ‘மாமடி’, அதாவது மாமன், என்று முறை சொல்லிக் குறிப்பிடுகின்றன.

தாய்நாட்டை விட்டுப் போன கிளை, மூலக்குடியோடு எப்படி உறவாடும்? ஏஜியன் கடல் தாண்டி ஆசியா மைனரில் குடியேறிய அயோனியர், மொழியாலும் தெய்வங்களாலும் கடைசிவரை கிரேக்கர்களாகவே இருந்தார்கள். ஏதென்ஸைத் தாய்நகராக மதித்தார்கள். கி.மு. 499இல் பாரசீகப் பேரரசை எதிர்த்து அவர்கள் கிளர்ந்தபோது ஏதென்ஸ் 20 கப்பல்களை அனுப்பியது.

கண்ணனூர்க் கிளை வேறு வழியில் போனது. முன்னோர்மீது சோமேசுவரனுக்குப் பற்று இருந்தது. திருவானைக்காவில் தாத்தா பெயரில் வல்லாளீச்சரம், பாட்டி பதுமலாதேவி பெயரில் பதுமலீச்சரம், தந்தை பெயரில் வீரநரசிங்கீச்சரம் என்று சன்னதிகள் எடுத்தான். ஆனால் ஹளேபீட்டின் மாக்கல்லும் நட்சத்திர வடிவ அடித்தளமும் அவனோடு வரவில்லை. போசளீச்சரம் சோழநாட்டு மரபில் எழுந்த கருங்கல் கோயில். கல்வெட்டுகளும் பெரும்பாலும் தமிழே. குலப்பெயரை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இந்த மண்ணிடமே பெற்றுக்கொண்டார்கள்.

உறவும் நிலைக்கவில்லை. சோமேசுவரன் காலத்திலேயே நாடு அவன் மகன்களிடையே இரண்டானது: வடக்கு மூன்றாம் நரசிம்மனுக்கு, தெற்கு ராமநாதனுக்கு. அண்ணன் தம்பி இருவரும் போரிட்டுக்கொண்டார்கள். இடையே கண்ணனூரைக் கைப்பற்றிய சடையவர்மன் சுந்தரபாண்டியன் திருவரங்கம் கோயிலுக்குப் பொன் வேய்ந்தான்.

பிளந்த நாட்டை ஒன்றாக்கியவன் மூன்றாம் வல்லாளன். மதுரை சுல்தானின் வசமிருந்த கண்ணனூரை முற்றுகையிட்ட அவன், முதிர்ந்த வயதில் அங்கே தோற்றுப் பிடிபட்டுக் கொல்லப்பட்டான். வைக்கோல் திணித்த அவன் உடல்தோல் மதுரை மதிலில் தொங்கியதைக் கண்டதாக இபின் பதூதா எழுதியிருக்கிறார். அதன்பின் ஹொய்சாள அரசு சில ஆண்டுகளே நீடித்தது.

ஹொய்சாளர் வரலாற்றைப் பேலூரோடும் ஹளேபீட்டோடும் நிறுத்திவிடக் கூடாது. திருவரங்கம், திருவானைக்கா என்று பயணிகளைச் சுற்றிக் காட்டுகிற வழிகாட்டிகள் கண்ணனூரையும் அந்தப் பாதையில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.