கட்டோவிட்சே போகும் அதிகாலை விமானம்

லண்டனிலிருந்து வடக்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது லூட்டன். ஒரு காலத்தில் தொப்பிக்குப் பேர்போன ஊர். இன்று அங்கே வருகிறவர்களில் பலர் ஊருக்குள் கால் வைப்பதே இல்லை. நேராக விமான நிலையத்துக்குப் போய்விடுகிறார்கள். அதிகாலை நான்கு மணிக்கு அந்த நிலையத்தைப் பார்க்க வேண்டும். உட்கார இடம் கிடைக்காதவர்கள் சுவரோரமாகக் கோட்டை விரித்துப் படுத்திருப்பார்கள். பாதுகாப்புச் சோதனைக்கான வரிசை அந்நேரத்திலேயே வளைந்து வளைந்து நீண்டிருக்கும். சூட் போட்டவர்களை அதிகம் பார்க்க முடியாது. கட்டட வேலை செய்பவர்கள், முதியோர் இல்லங்களில் பணிபுரியும் பெண்கள், கைக்குழந்தையைப் பாட்டியிடம் காட்டப் போகும் இளம் தம்பதிகள், மாணவர்கள். காதில் விழுவது போலிஷ், ருமேனியன், பல்கேரியன், அல்பேனியன். ஆங்கிலம் ஒலிபெருக்கியில்தான் அதிகம்.

ஐரோப்பா பற்றிய நம்முடைய பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் ஈஃபில் கோபுரத்தில் தொடங்கி சுவிஸ் பனிமலையில் முடிகின்றன. எனக்கு அந்தக் கண்டத்தைப் புரியவைத்தவை இந்த மலிவு விமானங்கள்தான். உழைக்கிற ஐரோப்பா இவற்றில்தான் ஏறி இறங்குகிறது.

லூட்டனுக்கு இதில் தனி இடம் உண்டு. 1995 நவம்பர் 10 அன்று ஈஸிஜெட்டின் முதல் விமானம் இங்கிருந்துதான் கிளாஸ்கோவுக்குப் பறந்தது. ஒரு வழிக் கட்டணம் 29 பவுண்டு. பயண முகவருக்குக் கமிஷன் கொடுக்காமல் நேரடியாக விற்பதற்காக, விமானத்தின் உடம்பிலேயே முன்பதிவுத் தொலைபேசி எண்ணை ஆரஞ்சு நிறத்தில் பெரிதாக எழுதிவைத்தார்கள். அதற்குப் பத்தாண்டு முன்பே, 1985இல், அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டிலிருந்து 15 இருக்கை கொண்ட ஒரு சிறு விமானத்துடன் தொடங்கியிருந்தது ரயன்ஏர். அடுத்த ஆண்டு டப்ளின்–லூட்டன் தடத்தில் இறங்கி, பெரிய நிறுவனங்கள் வாங்கிய கட்டணத்தில் பாதிக்கும் குறைவாகக் கேட்டது. லண்டனில் கூலி வேலை பார்த்த ஐரிஷ்காரர்கள் அதுவரை கப்பலும் ரயிலும் மாறி மாறி ஊர் போனவர்கள். 2025 மார்ச்சில் முடிந்த ஓராண்டில் மட்டும் ரயன்ஏர் ஏற்றிச் சென்றவர்கள் 20 கோடிப் பேர்.

இது தனிப்பட்ட முதலாளிகளின் சாமர்த்தியத்தால் மட்டும் நடந்துவிடவில்லை. முன்பெல்லாம் இரண்டு நாட்டு அரசுகள் ஒப்பந்தம் போட்டுக்கொண்டு, எந்த நிறுவனம் எத்தனை முறை பறக்கலாம், என்ன கட்டணம் வாங்கலாம் என்று முடிவு செய்தன. 1993இல் ஐரோப்பியச் சமூகம் அந்தப் பூட்டை உடைத்தது. 1997 ஏப்ரலிலிருந்து ஓர் உறுப்பு நாட்டின் நிறுவனம் இன்னொரு நாட்டின் உள்ளூர்த் தடத்திலும் ஓடலாம் என்றானது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் ஹங்கேரியில் பிறந்த ஒரு நிறுவனம் போலந்துக்காரரை இங்கிலாந்தில் கொண்டுபோய் இறக்கிவிட வழியே இருந்திருக்காது.

நான் ஏறியது அந்தத் தடத்தில்தான். 2004 மே 1 அன்று போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டன், அயர்லாந்து, ஸ்வீடன் மூன்றும் புதிய உறுப்பு நாட்டவர்க்கு உடனே வேலைச் சந்தையைத் திறந்துவிட்டன. அதே மே மாதம் 19ஆம் தேதி, அந்த ஹங்கேரிய நிறுவனமான விஸ் ஏரின் முதல் விமானம் கட்டோவிட்சேவிலிருந்து கிளம்பி லூட்டனில் இறங்கியது. கட்டோவிட்சே போலந்தின் தெற்கே, சைலீசியா நிலக்கரிப் பகுதியின் தலைநகர். அந்த ஊரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை வந்ததே இந்தத் தேதியால்தான். மத்திய லண்டனிலிருந்து லூட்டனுக்கு வர நான் கொடுத்த ரயில் கட்டணம், அங்கிருந்து போலந்து போகும் விமானக் கட்டணத்தைவிட அதிகம்.

இவ்வளவு மலிவாக எப்படி விற்க முடிகிறது என்பதற்கான விடையைக் கேட் பக்கத்துக் கண்ணாடி வழியாகவே பார்க்கலாம். விமானம் வந்து நின்றதும் முன்னும் பின்னும் படிகள் வந்துவிடுகின்றன. ஆட்கள் இரண்டு வழியாகவும் மளமளவென்று இறங்கித் தரையில் நடந்தே கட்டடத்துக்குள் போகிறார்கள். கடைசி ஆள் இறங்குவதற்குள் பணிப்பெண்கள் கையுறை மாட்டிக்கொண்டு குப்பை பொறுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இலவசச் சாப்பாடு கிடையாது. ஆகவே ஒவ்வொரு முறையும் உணவு வண்டிக்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. சுமார் அரை மணியில் அதே விமானம் அடுத்த கூட்டத்தை ஏற்றிக்கொண்டு ஓடுபாதைக்குத் திரும்பிவிடும். தரையில் நிற்கிற விமானம் காசு சம்பாதிக்காது. அதிகாலையில் கிளம்பி நள்ளிரவு வரை அதை ஓடவைக்கிறார்கள். ஒரே வகை விமானத்தை நூற்றுக்கணக்கில் வாங்குவதால் விமானிக்கும் பொறியாளருக்கும் பயிற்சி ஒன்றுதான், உதிரிபாகமும் ஒன்றுதான். சாய்க்க முடியாத மெல்லிய இருக்கைகளைப் போட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறார்கள். விஸ் ஏரின் ஏர்பஸ் ஏ321 நியோவில் 239 இருக்கைகள். ரயன்ஏர் விமானத்தில் முன் இருக்கையின் முதுகில் பையே இருக்காது. பாதுகாப்புக் குறிப்பு இருக்கையிலேயே ஒட்டப்பட்டிருக்கும். பையில் குப்பை சேராது, சுத்தம் செய்யும் நேரம் மிச்சம். இந்தச் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். பாதுகாப்பில் கை வைக்காமல், வீண் செலவில் கை வைத்திருக்கிறார்கள்.

மதிக்க முடியாத ஒன்றும் இருக்கிறது. அது கைப்பை விவகாரம்.

பாசல் விமான நிலையத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த நிலையமே ஓர் அதிசயம். பிரெஞ்சு மண்ணில் இருக்கிறது, பிரான்சும் சுவிட்சர்லாந்தும் சேர்ந்து நடத்துகின்றன. ஒரு வாசலில் வெளியேறினால் பிரான்ஸ், மறுவாசலில் சுவிஸ். சுவிட்சர்லாந்திலும் லண்டனிலும் பாரிஸிலும் ஜெர்மனியிலும் சிதறிக் கிடக்கும் ஈழத்தமிழ்க் குடும்பங்களுக்குக் கல்யாணமோ சாவீடோ வந்தால் இந்த மலிவு விமானங்கள்தான் துணை. லண்டன் விமானத்துக்கான வரிசையில் எனக்கு முன்னால் ஓர் அம்மா, பட்டுச்சேலைக்கு மேல் குளிர் கோட்டு. பெறாமகளின் கல்யாணத்துக்குப் போகிறார். கேட்டில் வைத்திருந்த அளவுக் கூண்டைக் காட்டி, “தம்பி, உந்தப் பெட்டிக்குள்ள என்ர பை போகுமோ?” என்று கேட்டார். பைக்குள் டின் டின்னாகப் பயித்தம் பணியாரமும் சீனி அரியதரமும். துணிப்பைதான், ஆனால் டின் வளையுமா? இரண்டு விரற்கடை வெளியே நின்றது. அபராதம்போல ஒரு தொகையைச் சொன்னார்கள், அவருடைய டிக்கெட்டைவிட அதிகம். நானும் பின்னால் நின்ற இளைஞன் ஒருவனும் ஆளுக்கு இரண்டு டின்னை வாங்கி எங்கள் பைகளில் திணித்துக்கொண்டோம். பை கூண்டுக்குள் இறங்கியது. அந்த அம்மாவின் கை மட்டும் விமானத்தில் ஏறும் வரை நடுங்கிக்கொண்டிருந்தது. ஒரு முதியவரை வரிசையில் எல்லார் முன்னாலும் அப்படி நிறுத்திவைக்க எந்த வணிகக் கணக்கும் நியாயம் ஆகாது.

நியாயமான எடையும் அளவும் உள்ள கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குத் தனிக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014இலேயே சொல்லிவிட்டது. நியாயமான அளவு எது என்று சொல்லாமல் விட்டதால், நிறுவனங்கள் தாங்களே ஓர் அளவை வைத்துக்கொண்டன. 2024 நவம்பரில் ஸ்பெயின் அரசு ஐந்து மலிவு விமான நிறுவனங்களுக்கு மொத்தம் 17.9 கோடி யூரோ அபராதம் விதித்தது; கைப்பைக் கட்டணமும் அதற்கு ஒரு காரணம். நிறுவனங்கள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. ரயன்ஏரின் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கைத் தேர்வு, பெட்டி, தின்பண்டம் போன்ற டிக்கெட்டல்லாத வகைகளில் வருகிறது. அதைச் சுலபத்தில் விட்டுக்கொடுப்பார்கள் என்று நான் நம்பவில்லை. வயதானவர்களைத் தனியே அனுப்பும் பிள்ளைகள், கூடக் கொஞ்சம் செலவானாலும் பெட்டிக்கு முன்கூட்டியே பணம் கட்டி அனுப்பிவிடுவதே நல்லது.

கட்டோவிட்சே விமானத்துக்கு வருகிறேன். பக்கத்து இருக்கையில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். பெட்ஃபோர்டில் முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர். இரவுப் பணி முடிந்து நேரே வருகிறார், உடுப்புக்கூட மாற்றவில்லை. அம்மா கிளிவிட்சே என்ற ஊருக்கு அருகில் தனியாக இருக்கிறார், கண் அறுவைச் சிகிச்சை. “முதலில் நான் வந்தது பேருந்தில். ஒரு பகல், ஓர் இரவு, அப்புறமும் முடியாது. அப்பா போனபோது பேருந்தில்தான் போனேன். அடக்கம் முடிந்த பிறகுதான் போய்ச் சேர்ந்தேன்” என்றார். பிறகு கண்ணை மூடித் தூங்கிவிட்டார். பணிப்பெண் காபி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அவர் எழவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் விமானம் முழுக்கக் கைதட்டல் எழுந்தது. போலந்துக்காரர்களிடம் அந்தப் பழக்கம் இன்னும் இருக்கிறது. அவரும் விழித்துக்கொண்டு தட்டினார், நானும் தட்டினேன்.

கட்டோவிட்சேவில் நிகிஷோவியெட்ஸ் என்ற குடியிருப்பு இருக்கிறது. சுரங்கத் தொழிலாளர்களுக்காக இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எமில், கியோர்க் சில்மன் என்ற கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்தது. முழுக்கச் செங்கல். மூன்று மாடி வீடுகள் முற்றத்தைச் சுற்றிக் கோட்டைபோல் வளைந்து நிற்கின்றன. தெருவைத் தாண்டி வளைவுகள். ஜன்னல்களின் உள்விளிம்பில் மட்டும் பளிச்சென்று சிவப்பு வண்ணம். நிலக்கரிப் புகையில் கறுத்த செங்கல்லுக்கு நடுவே அந்தச் சிவப்பு கண்ணை இழுக்கிறது. நான் போனபோது ஒரு பாட்டி ஜன்னலில் தலையணை போட்டு முழங்கை ஊன்றித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அருகிலிருந்த சுரங்கம் 2018இல் மூடப்பட்டுவிட்டது. மதியம் நடுவில் குழி வைத்த உருளைக்கிழங்கு உருண்டையும் ஊதா முட்டைக்கோஸும் சாப்பிட்டேன். இறைச்சிக் குழம்பு தேங்கி நிற்பதற்காகவே அந்தக் குழி. எந்தச் சுற்றுலாத் தொகுப்பும் நம்மை இங்கே கூட்டிவராது. கூலிக்காரர்கள் ஊர் போவதற்காகப் போடப்பட்ட தடம் என்பதால்தான் எனக்கும் இது வாய்த்தது.

இந்த மலிவுக்கு வேறு யாரோ கொடுக்கும் விலையும் உண்டு. அயர்லாந்து ஒப்பந்தத்தில் வேலைக்கு எடுக்கப்பட்டு பெல்ஜியத்தின் சார்லெருவாவில் பணிபுரிந்த ரயன்ஏர் விமானப் பணியாளர்கள், தாங்கள் வேலை செய்யும் நாட்டிலேயே வழக்குப் போட முடியும் என்று 2017இல் ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த்தான் நிலைநாட்ட வேண்டியிருந்தது. தொழிற்சங்கங்களை ரயன்ஏர் ஏற்றுக்கொண்டதே அந்த ஆண்டு டிசம்பரில்தான். எரிபொருள் கதை இன்னும் மோசம். காரில் போகிறவர் பெட்ரோலுக்கு வரி கட்டுகிறார். விமான எரிபொருளுக்கோ ஐரோப்பிய நாடுகளுக்கிடையே பறக்கும்போது வரி இல்லை. இரவு ரயில்கள் ஒவ்வொன்றாக நின்றுபோனதற்கு இதுவும் ஒரு காரணம். அந்த வரியைப் போட வேண்டும் என்பதே என் கருத்து. டிக்கெட் விலை கொஞ்சம் ஏறும். பெட்ஃபோர்டுப் பெண்மணி அப்போதும் அம்மாவைப் பார்க்கப் போவார். வார இறுதிக் குடிக்கூத்துக்காகப் பறக்கும் கூட்டம்தான் யோசிக்கும்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். ஊர்ப் பெயரை நம்பி டிக்கெட் வாங்காதீர்கள். ‘ஃபிராங்க்ஃபர்ட் ஹான்’ ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். ‘பாரிஸ் போவே’ பாரிஸிலிருந்து 80க்கு மேல். பேருந்துக் கட்டணத்தையும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். செக்-இன்னை வீட்டிலேயே இணையத்தில் முடித்துவிடுங்கள். நிலையத்தில் போய்ச் செய்தால் 55 யூரோ வரை கேட்கும் நிறுவனம் உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் போகும் முன் விமான நிறுவனத்தின் கவுன்ட்டரில் விசாவைக் காட்டிச் சரிபார்ப்பு பெற வேண்டியிருக்கும். கையில் போர்டிங் பாஸ் இருக்கிறதே என்று நேராகக் கேட்டுக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லண்டனிலிருந்து போலந்து போக பிரிட்டிஷ் விசா செல்லாது, ஷெங்கன் விசா தனியே வேண்டும்.

டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் உங்கள் உரிமை குறையாது. 2005 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒழுங்குமுறை 261, இருபது யூரோ டிக்கெட்டுக்கும் பொருந்தும். பிரிட்டனும் அதைத் தன் சட்டமாக வைத்திருக்கிறது. குறுந்தூர விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் சாப்பாடு தர வேண்டும். நிறுவனத்தின் குறையால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், 1,500 கிலோமீட்டர் வரையிலான ஐரோப்பியப் பயணத்துக்கு 250 யூரோ இழப்பீடு. கேட்காதவர்களுக்கு அது தானாக வந்து சேர்வதில்லை. இறங்கிய அன்றே நிறுவனத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், போர்டிங் பாஸைப் பணம் வரும் வரை அழித்துவிடாதீர்கள்.