குதிரைக் குளம்பின் கீழே ஓர் எழுத்து

உங்கள் வீட்டுப் பெட்டியில் பாட்டி காலத்துக் காசுமாலை இருக்கிறதா, சகோதரி? இருந்தால், அதை உருக்கக் கொடுக்குமுன் ஒரே ஒரு நிமிஷம் பொறுங்கள். ஒரு பூதக்கண்ணாடி மட்டும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நகைக்கடையில் நாம் ஓயாமல் உச்சரிக்கிறோமே, 'பவுன்', 'சவரன்' என்று, அவை இரண்டும் இங்கிலீஷ்காரர்களின் பொற்காசைக் குறிக்க வந்த பெயர்கள்தாம். 22 காரட் தங்கம், எடை 7.988 கிராம். அதையே இன்று முழுசாக 8 கிராம் என்று கணக்குப் பண்ணிக்கொண்டோம். அசல் சவரனில் ஒரு பக்கம் ராஜா அல்லது ராணியின் தலை. மறுபக்கம், பெரும்பாலும், குதிரைமேல் ஏறிய வீரன் ஒருவன் பறவை நாகத்தைக் கொல்லும் காட்சி. குதிரையின் காலடியில் தரை போல ஒரு கோடு. அந்தக் கோட்டில், வருஷத்துக்கு மேலே, கடுகு போல ஓர் ஆங்கில எழுத்து இருந்தாலும் இருக்கும். எந்த ஊர் நாணயசாலையில் அடித்தது என்பதற்கு அதுதான் அடையாளம். எழுத்தே இல்லையென்றால் லண்டன். எஸ் என்றால் ஸிட்னி, பி என்றால் பெர்த், ஸி என்றால் கானடாவின் ஒட்டாவா.

ஐ என்று இருந்தால்? நம் பம்பாய்!

முதல் உலக யுத்த சமயம். கடலிலே ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களின் பயம். 1918-ல் பிரிட்டிஷ் அரச நாணயசாலை பம்பாயில் ஒரு கிளை திறந்து சவரன் அடித்தது. சுமார் 13 லட்சம் காசுகள். எல்லாவற்றிலும் 1918 என்ற ஒரே வருஷந்தான். 1919-லேயே கிளையை மூடிவிட்டார்கள். 2013-ல் இந்தியாவில் மறுபடி சவரன் அடித்தபோதும் அதே ஐ எழுத்தைத்தான் பொறித்தார்கள்.

அமெரிக்காவிலும் இப்படி உண்டு. 1838-ல் டலோனேகா, சார்லட் என்ற இரண்டு சிற்றூர்களில் கிளை நாணயசாலைகள் பொற்காசு அடிக்கத் தொடங்கின. 1861-ல், உள்நாட்டு யுத்தத்தோடு அவை நின்றன. அந்தக் காசுகளில் உள்ள சின்ன 'டி'க்கும் 'ஸி'க்கும் சேகரிப்பவர்கள் தங்கத்தின் விலையைப் போலப் பல மடங்கு கொடுக்கிறார்கள்.

இதையெல்லாம் நான் போன தை மாதம் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பேச வேண்டி வந்தது. 1947-ல் சென்னை ராஜதானியின் பிரதமரான ராமசாமி ரெட்டியாரின் ஊர் என்று அதை நீங்கள் அறிவீர்கள். எனக்கு அது பெரியம்மாவின் ஊர். பேத்திக்குக் கல்யாணம். காசுமாலையை உருக்கிச் சங்கிலி பண்ணுவதாக ஏற்பாடு. தட்டான் மறுநாள் வருகிறான்.

"மல்லாட்டை நல்லா வெளைஞ்ச வருஷமெல்லாம் எங்க மாமியார் ஒவ்வொரு காசா வாங்கிக் கோத்தது இது. இருபத்துநாலு இருந்துது" என்றாள் பெரியம்மா.

எண்ணினேன். இருபத்தொன்றுதான் இருந்தது.

"ஒண்ணு கெணறு வெட்டப் போச்சு. ஒண்ணு உங்க அண்ணன் காலேஜுக்கு. இன்னொண்ணு உங்க பெரியப்பா ஆஸ்பத்திரிக்கு."

ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பதினொன்றில் எழுத்தே இல்லை. ஆறில் எம். "எம்னா மெட்ராஸ்தானே?" என்று அண்ணன் துள்ளினான். இல்லை, மெல்போர்ன். மதராஸில் சவரன் அடித்ததே கிடையாது. மூன்றில் பி. கடைசியாக ஒன்றில், 1918-க்கு மேலே, குச்சி போல ஓர் ஐ.

"வெலை ஒசத்தியா?" என்றாள் கல்யாணப் பெண்.

உள்ளதைச் சொன்னேன். கோப்பதற்காக வளையம் பற்றவைத்த காசைச் சேகரிப்பவர்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. தங்கத்தின் விலைக்குமேல் பிரமாதமாக ஒன்றும் வராது.

பெரியம்மா கொஞ்ச நேரம் அந்தக் காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பேத்தியின் கையில் வைத்தாள். "மத்த இருபதையும் உருக்கிக்கோ. இத மட்டும் காசாவே வச்சிக்கோ. என்னிக்காவது முடை வந்தா வித்துடு, வெக்கப்படாதே. நாங்க மூணு வித்தோம், குடும்பம் நின்னுது."

இருபதும் உருகுவதில் எனக்கு வருத்தந்தான். ஆனால் நகை அவர்களுடையது, கல்யாணமும் அவர்களுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை. காசுமாலைக் காசெல்லாம் சவரன் ஆகிவிடாது. லக்ஷ்மி உருவம் அடித்த மெல்லிய தகடாகவும் இருக்கலாம். சவரனிலும் போலி உண்டு. ஆகவே எடை போட்டுப் பாருங்கள். பளபளப்பு வேண்டுமென்று தேய்க்காதீர்கள். எழுத்தையும் வருஷத்தையும் கணக்கு நோட்டில் குறித்துவிட்டு, மாலையைச் சேர்த்தது யார், என்ன விற்றுச் சேர்த்தாள் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு அதையும் எழுதுங்கள். அடித்த ஊரின் அடையாளம் காசிலேயே இருக்கிறது. வாங்கியவளின் பெயரை நாம்தான் எழுதிவைக்க வேண்டும்.