முந்தானை பத்திரம்!

ஆலங்குளம் என்றதும் தென்காசிப் பக்கத்து ஊரை நினைத்துவிடாதீர்கள். நான் சொல்வது ராஜபாளையத்துக்குக் கிழக்கே, கரிசல் காட்டின் நடுவே உள்ள ஆலங்குளம். 1970-ல் வந்த அரசாங்க சிமெண்டு ஆலையால் பெயர் பெற்ற ஊர்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாளைச் சேவித்துவிட்டு, பால்கோவாப் பொட்டலமும் கையுமாக வந்து இறங்கினேன். இறங்கியதும் கண்ட காட்சி, பார்த்த கோபுரத்தையே மறக்க அடித்துவிட்டது. ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்த இளம் தாய், மடியில் குழந்தை, முந்தானையோ சக்கரத்தைத் தொட்டுத் தொட்டுப் பறக்கிறது!

"ஏ தாயி, முந்தானையை இழுத்துச் செருகு!"

பூக்காரப் பாட்டி போட்ட சத்தத்தில் வண்டி நின்றது. பிழைத்தார்கள்.

பாட்டிக்கு வந்த அதே கவலைதான் 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளுக்கும். துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியாவது மறைந்திருக்க வேண்டும். பின்னால் இருப்பவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும். 'அழகாயில்லை' என்று சேலைத் தடுப்பைக் கழற்றி எறியும் புருஷர்களை என்ன சொல்ல!

தலைக்கவசமும் ஓட்டுபவருக்கு மட்டுமல்ல, சகோதரிகளே! தமிழ்நாட்டில் 2015 ஜூலை முதல் பின்னால் அமர்பவருக்கும் அது கட்டாயம். உலகில் ஆண்டுதோறும் சுமார் 12 லட்சம் பேர் சாலையில் மடிவதாக உலக சுகாதார நிறுவனம் 2023-ல் கணக்கிட்டது. அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் நம்மைப் போன்ற ஏழை, நடுத்தர நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அடுத்த முறை வண்டியில் ஏறுமுன், அந்தப் பாட்டியின் குரல் உங்கள் காதில் ஒலிக்கட்டும்.