காவல் நிலையத்தின் வாயிலில்

காவல் நிலையத்தில் ஒருவர் மாண்டார் என்னும் செய்தி நாளிதழில் வெளிவரும்பொழுது, "சும்மாவா அடித்திருப்பார்கள்? அவன் என்ன செய்தானோ!" என்னும் பேச்சு நம் இல்லங்களிலும் எழக் கேட்டிருக்கிறோம். அன்புள்ள வாசகர்களே, அவ்வாறு பேசிவந்தோர் பலரை 2020ஆம் ஆண்டு ஜூன் மாதம் வாயடைக்கச் செய்தது. ஊரடங்கு வேளையில் குறித்த நேரத்திற்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்ததாகச் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் 19ஆம் நாள் பிடிக்கப்பட்டனர். மகன் 22ஆம் நாள் இரவிலும், தந்தை மறுநாள் காலையிலும் கோவில்பட்டி அரசு மருத்துவமனையில் உயிர் நீத்தனர்.

அந்நிகழ்ச்சியில் நம் நெஞ்சை விட்டு அகலாதவை இரண்டு. அந்நிலையத்தில் கண்காணிப்புக் காமிரா இருந்தது. பதிவுகளைச் சேமிக்கப் போதிய இடமும் இருந்தது. ஆயினும் அன்றன்றையப் பதிவு தானே அழிந்துபோகுமாறு அது அமைக்கப்பட்டிருந்ததை, விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டறிந்தார். காமிரா காட்டாததை, அங்கேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர் கூறினார். இருவரையும் இரவெல்லாம் அடித்தனர் என்று அவர் அஞ்சியஞ்சி அளித்த வாக்குமூலம் இல்லையேல் அவ்வழக்கு என்னவாகியிருக்குமோ! அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லா நிலையங்களிலும் காமிரா வேண்டும், பதிவுகளைக் கூடுமாயின் 18 மாதமும், குறைந்தது ஓராண்டும் காத்தல் வேண்டும் என்று ஆணையிட்டது.

ஆணைகளுக்கு நம் நாட்டில் என்றுமே குறைவில்லை. கைது செய்யும்பொழுதே ஒரு குறிப்பு எழுதி, அதில் குடும்பத்தார் ஒருவரேனும் ஊர்ப் பெரியவர் ஒருவரேனும் சாட்சிக் கையெழுத்திட வேண்டும் என்று 1996இலேயே டி. கே. பாசு வழக்கில் அந்நீதிமன்றம் விதித்துவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன், மோட்டார் சைக்கிள் திருட்டு ஒன்றில் ஐயங்கொண்டு நம் பங்கு இளைஞன் ஒருவனை இரவில் அழைத்துச் சென்றுவிட்டதாக அவன் தாய் பங்கு இல்லத்தின் கதவைத் தட்டினார். உடன் சென்றோம். ஆய்வாளர் நம் அங்கியைக் கண்டு நாற்காலி தந்தார். அத்தாயோ வாயிற்படியிலேயே நின்றார். கைதுக் குறிப்பைக் கேட்டோம். "இது விசாரணைதான், பாதர். கைதே இல்லையே, குறிப்பு எதற்கு?" என்றார் சிரித்தபடி. விடியற்காலையில் பையன் நொண்டியவாறு வெளியே வந்தான். வண்டியைத் திருடியவன் வேறொருவன் என்பது பின்னர் தெரிந்தது. புகார் எழுதுவோம் என்று நாம் கூறியபொழுது அத்தாய், "வேண்டாம் சாமி. நாளைக்கும் நாங்க இந்த ஊர்லதான இருக்கணும்" என்று சொல்லிவிட்டார்.

அவர் பேதைமையால் அவ்வாறு சொல்லவில்லை. உத்தரப் பிரதேசக் காவல்துறையின் தலைமைப் பதவி வகித்து ஓய்வுபெற்ற பிரகாஷ் சிங் தொடுத்த வழக்கில், 2006இல் உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. காவலர் மீதான புகார்களைக் கேட்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் ஓய்வுபெற்ற நீதிபதிகளின் தலைமையில் ஆணையங்கள் அமைய வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தமிழகத்தின் 2013ஆம் ஆண்டுச் சட்டமோ, நீதிபதி இருக்க வேண்டிய இடத்தில் மாநில அளவில் உள்துறைச் செயலரையும் மாவட்ட அளவில் ஆட்சியரையும் அமர்த்தியது. அடித்தவரின் மேலதிகாரியிடமே போய் முறையிடு என்றால், ஏழைத் தாய் எந்தத் துணிவில் போவார்? இது சீர்திருத்தமென்று நமக்குத் தோன்றவில்லை.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு மாலை, வழக்கறிஞர் ஒருவரை அழைத்துக் கைதுக் குறிப்பு முதலியவற்றைப் பங்கு மக்களுக்கு விளக்கச் செய்தோம். இளைஞரைவிடத் தாய்மாரே மிகுதியாக வந்திருந்தனர். கடைசி வரிசையில், நம் பங்கைச் சேர்ந்த காவலர் ஒருவரும் சீருடையின்றி அமர்ந்திருந்தார். அவர் வருவாரென நாம் எதிர்பார்க்கவில்லை. எல்லாம் முடிந்தபின் எழுந்து, "அடிடா என்று மேலதிகாரி சொன்னால், நான் யாரிடம் முறையிடுவது?" என்று வினவினார். அக்கேள்விக்கும் 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பில் ஓர் இடமுண்டு என்றார் வழக்கறிஞர். சட்டத்திற்குப் புறம்பான ஆணைக்கு உட்படுத்தப்பட்ட அதிகாரி, காவல்துறைப் பணியமைப்பு வாரியத்தில் முறையிடலாமாம். ஆனால் அவ்வுரிமை காவல் கண்காணிப்பாளரும் அவருக்கு மேற்பட்டோருமான அதிகாரிகளுக்கே குறிக்கப்பட்டிருக்கிறது. காவலர் தலையசைத்துவிட்டு இரவுப் பணிக்குப் புறப்பட்டார்.