பிள்ளையாருக்குக் கண்ணு... நமக்கு ஆப்பு!

ஹெர்பேரியம் சப்மிஷனுக்கு மூணே நாள். கையில் ஒரு கொடிகூட இல்லை. "எங்க ஏரியாவுக்கு வாங்கடா" என்றான் எண்ணூர் நண்பன். "அங்கே சிமினிதானே முளைக்கும்?" என்று ஓட்டிக்கொண்டே கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறினோம்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம். அக்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்தது இந்தக் கழிமுகத்தில்தான். அதே மாதம் 26-ம் தேதி இரவு அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடினார்கள். "நாங்கல்லாம் மூக்காலயே விஷத்தைக் கண்டுபிடிப்போம்" என்றான் நண்பன். எங்களுக்குச் சிரிப்பு வரலை.

ஆனா, வாசனையே இல்லாத ஒரு விஷம் அவன் தெரு முள்வேலியிலேயே தொங்கிக்கிட்டு இருந்தது. குண்டுமணி!

அடையாளம் ரொம்ப ஈஸி பாஸ். மெல்லிய கொடி. புளிய இலை மாதிரி ஜோடி ஜோடியா சிற்றிலைகள். வெளிர் ஊதாப் பூ. காய் வெடிச்சா உள்ளே பளபளன்னு சிவப்பு விதை, ஒரு முனையில் கறுப்புப் பொட்டு. களிமண் பிள்ளையாருக்குக் கண்ணா வைப்போமே... அதேதான்!

பெயர்தான் ஏகப்பட்டது. குன்றிமணி, குன்றி, குண்டுமணி. தெலுங்கில் குருவிந்த, மலையாளத்தில் குன்னிக்குரு, இந்தியில் ரத்தி. அந்தக் காலத்துத் தட்டான் தராசில் இதுதான் எடைக்கல். ஏறக்குறைய எட்டு விதை ஒரு கிராம். தாவரவியலில் ஏப்ரஸ் பிரிகட்டோரியஸ்.

குழப்பமும் பெயராலதான். மஞ்சாடி மரத்து விதைக்கு 'ஆனைக்குன்றிமணி'ன்னு ஒரு பேர் உண்டு. அது முழுச் சிவப்பு, பொட்டு கிடையாது, காய்ப்பதும் மரத்தில். பொட்டு இருந்தா கொடி, கொடின்னா உஷார்!

பக்கத்து வீட்டு வாண்டு ஒண்ணு குண்டுமணியை ஓட்டை போட்டுக் கோத்து கையில் கட்டியிருந்தது. அடிக்கடி வாயிலும் வெச்சுது. பதறிட்டோம். உள்ளே இருக்கிற 'ஏப்ரின்' பயங்கர விஷம். ஓடு கெட்டி என்பதால் முழுசா முழுங்கினா பல நேரம் அப்படியே வெளியே வந்துடும். மென்றாலோ, அரைத்தாலோ, ஓட்டை போட்டாலோ அந்தப் பாதுகாப்பு போச்சு. வாந்தி, பேதி ஆரம்பிக்கவே பல மணி நேரம் ஆகலாம். இதுக்குன்னு தனி மாற்று மருந்தும் கிடையாது. அதனால "முழுசாத்தானே முழுங்கினான்"னு காத்திருக்காம உடனே ஆஸ்பத்திரிதான்.

ஆயாகிட்ட சொன்னோம். "இன்னா நைனா சொல்ற? நானும் சின்ன வயசுல கோத்துப் போட்டவதான்!" என்றார். ஆனாலும் மணிக்கட்டிலிருந்து அதை அவிழ்த்தார். வாண்டு ஊரைக் கூட்டி அழுதது. ரெண்டு தேன்மிட்டாயில் சமாதானம்.

வெளியே குன்றிமணிச் சிவப்பு, உள்ளே அதன் மூக்குக் கறுப்புன்னு போலிகளைக் கிழிச்சிருக்கார் வள்ளுவர் (277-வது குறள், போய்ப் பாருங்க).

ஹெர்பேரியம் ஷீட்டில் இலை, பூ மட்டும் ஒட்டினோம். விதையை பாட்டிலில் போட்டு மூடி, மேலே பெருசா எழுதினோம்... 'விஷம்'. உங்க தங்கச்சி கையில் என்ன வளையல்னு இன்னிக்கே ஒரு லுக் விடுங்க மக்கா!