தோற்ற மறுவாரம் யார் வருவார்கள்?

2019 ஜூனில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உள்ள ஆப்டஸ் மைதானத்தில் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநில அணிகள் மோதிய ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் ரக்பி லீக் ஆட்டத்துக்கு ஏறத்தாழ 60,000 பேர் வந்தார்கள். ரக்பி லீக் அணிக்குப் புது ஊர் பார்க்கப் போகிறவர் தொழிலுக்குப் புதியவரென்றால், முதலில் குறித்துக்கொள்வது இந்த எண்ணைத்தான். பழகியவர் அதை ஓரமாக வைத்துவிடுவார். தேர்க்கூட்டத்தை நம்பி யாரும் நிரந்தரக் கடை போடுவதில்லை. நாலு ஆட்டம் வரிசையாகத் தோற்ற பிறகு, மழை தூறும் ஜூலை மாலையில் யார் டிக்கெட் வாங்குவார்கள்? அவர் எண்ண விரும்புவது அந்தத் தலைகளை.

பெர்த் ஏற்கெனவே ஒருமுறை பரீட்சை எழுதிய ஊர். 1995இல் வெஸ்டர்ன் ரெட்ஸ் அணி வாக்கா மைதானத்தில் செயின்ட் ஜார்ஜை வென்று தொடங்கியது. அன்று கூட்டத்துக்குக் குறைவில்லை. மூன்றே பருவங்களில் கதை முடிந்தது. கிழக்கிலிருந்து வரும் எதிரணிகளின் விமானக் கட்டணத்தையும் தங்கும் செலவையும் ரெட்ஸே ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அதைச் சேர்த்துக்கொண்டார்கள். சிட்னியோ 3,000 கிலோமீட்டருக்கு அப்பால். விருந்தாளிக்குப் பயணச்சீட்டும் எடுத்துக் கொடுத்து இலையும் போடுகிற வீடு எத்தனை நாள் தாங்கும்? போதாததற்கு, ரக்பி லீக்கைக் கைப்பற்ற நடந்த சூப்பர் லீக் சண்டை மூண்டு ஆட்டக்காரர்களின் சம்பளம் எகிறியது. வாக்காவும் கிரிக்கெட்டுக்கான வட்ட மைதானம். செவ்வகக் களத்தில் நடக்கும் மோதலை எட்ட உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஊர் தோற்றதா, ஒப்பந்தம் தோற்றதா என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்த வேலையின் பாதி.

மீதிப் பாதியை மெல்போர்ன் குழப்பிவிடும். ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைத் தவிர வேறொன்றையும் ஏறெடுத்துப் பார்க்காத நகரம் அது. உள்ளூரில் ரக்பி லீக் ஆடி வளர்ந்த பிள்ளைகள் மிகக் குறைவு. எந்த மதிப்பெண் பட்டியலிலும் தேறியிருக்காது. ஆனால் 1998இல் நுழைந்த மெல்போர்ன் ஸ்டார்ம் மறு வருடமே கோப்பையைத் தூக்கியது. ஊடக நிறுவனமான நியூஸ் லிமிடெட்டின் பணம் பின்னால் இருந்தது. அதோடு, மூடப்பட்ட பெர்த் அணியிலிருந்து ராபி கேர்ன்ஸ், ராட்னி ஹவ், மாட் கெயர் என்று தேர்ந்த கைகள் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டுக் கதவடைப்பு இன்னொரு வீட்டுக்குச் சீதனமானது.

2023இல் லீக்கில் சேர்ந்த டால்ஃபின்ஸ் அணியைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அதன் பின்னால் இருந்த, 1947இல் தொடங்கிய ரெட்கிளிஃப் கிளப்புக்குச் சொத்தும் இருந்தது, ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். முதல் பயிற்சியாளராக இருந்தவர் வெய்ன் பென்னெட்.

பாப்புவா நியூ கினி வேறு வகை. ரக்பி லீக்கைத் தேசிய விளையாட்டாகக் கொண்டாடும் நாட்டில் ஆர்வத்தை அளக்கப் போவது வீண்வேலை. அங்கே கேள்வி, வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரர் குடும்பத்தோடு போர்ட் மோர்ஸ்பியில் நிம்மதியாக வாழ முடியுமா என்பது. 2028இல் லீக்கில் நுழையவிருக்கும் அந்நாட்டு அணியின் திட்டத்துக்கு ஆஸ்திரேலிய அரசு பத்தாண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருகிறது. பசிபிக்கில் சீனாவின் செல்வாக்கை எண்ணிப் போட்ட கணக்கும் அதில் கலந்திருக்கிறது. அதற்கு மைதானத்தில் தலை எண்ணி விடை காண முடியாது.

பெர்த்துக்கு 2027இல் மறுவாய்ப்பு. இம்முறை செவ்வக மைதானம் உண்டு, மாநில அரசின் பணம் உண்டு. கடிகாரமும் கைகொடுக்கிறது: குளிர்காலத்தில் அங்கே மாலை ஆறு என்றால் சிட்னியில் இரவு எட்டு, தொலைக்காட்சிக்குத் தோதான நேரம். பெயர் மட்டும் இரவல். 1908இல் பிறந்து, 1999 முடிவில் தனி அணி என்ற இருப்பை இழந்த வடக்கு சிட்னியின் கரடிகள்தான் பெர்த் பேர்ஸ் ஆகிறார்கள். சிட்னியில் பழைய ரசிகர்கள் சிவப்பு கறுப்புச் சட்டையை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்வார்கள். பெர்த்தில் பிறந்த பத்து வயதுப் பையன் அந்தச் சட்டையை வாங்கித் தரச்சொல்லி அடம்பிடிப்பானா என்பதை எழுத, மதிப்பீட்டுப் படிவத்தில் கட்டமே கிடையாது.